புதுப்பிப்பு: கிக்ஸ்டார்ட் நிறுவல் 4 டிபி டிஸ்க்கில் நின்ற சிக்கல் தீர்ந்தது

ஒரே கிக்ஸ்டார்ட் ஃபைல் (லினக்ஸைத் தானாக நிறுவ அமைப்புகளை எழுதிவைக்கும் ஃபைல்) 1 டிபி டிஸ்க் உள்ள சர்வர்களில் ஓடி முடிகிறது, 4 டிபி உள்ளவற்றில் பார்ட்டிஷன் கட்டத்திலேயே நிற்கிறது என்று முன்பு கேட்டிருந்தேன். எல்லாமே பயோஸ் என்ற பழைய ஃபர்ம்வேர் முறையில் பூட் ஆகும் சர்வர்கள்.

காரணம் பார்ட்டிஷன் டேபிள், அதாவது டிஸ்க் எப்படிப் பிரிக்கப்பட்டிருக்கிறது என்ற பட்டியல். 512 பைட் செக்டரும் 32 பிட் எண்ணும் கொண்ட எம்பிஆர் என்ற பழைய டேபிள் வகையால் 2 டெபிபைட்டுக்கு மேல் சுட்ட முடியாது. அதனால் பெரிய டிஸ்க் என்றால் அனகோண்டா என்ற நிறுவல் புரோகிராம் தானாகவே ஜிபிடி என்ற புதிய வகைக்கு மாறிவிடுகிறது. எம்பிஆரில் முதல் பார்ட்டிஷனுக்கு முன்னால் காலியாகக் கிடக்கும் இடத்தில் பூட் லோடரான கிரப் தன் கோர் இமேஜை (தன் முக்கியப் பகுதியை) வைத்துக்கொள்ளும். ஜிபிடியில் அந்த இடத்தை நம்ப முடியாது, தனியாக 1 மெபிபைட் பயோஸ்பூட் பார்ட்டிஷன் வேண்டும். நம் ஃபைலில் அது இல்லை. ஸ்டோரேஜ் லாக் இதை நேரடியாகவே சொல்கிறது: கண்ட்ரோல், ஆல்ட், எஃப்2 அழுத்தி ஷெல்லுக்குப் போய் டெம்ப் டைரக்டரியில் பாருங்கள்.

தீர்வு, பார்ட்டிஷன்களை வரையறுக்கும் பார்ட் வரிகளுக்கு முன் 'ரெக்பார்ட்' (reqpart) என்ற ஒரே வரி. பயோஸ்பூட்டோ, யுஇஎஃப்ஐ (பயோஸுக்குப் பதிலாக வந்த புதிய முறை) சர்வரானால் இஎஃப்ஐ பார்ட்டிஷனோ, தேவையானதை அதுவே உருவாக்கும். பயோஸ்பூட்டைக் கையால் எழுதுவதைவிட இதுவே மேல்; ஒரே ஃபைல் இரண்டு வகைக்கும் பொருந்தும். யுஇஎஃப்ஐக்கென்று இஎஃப்ஐ வரியை ஏற்கெனவே எழுதியிருந்தால் எடுத்துவிடுங்கள். பார்ட்டிஷன்களைத் தானாகவே பிரிக்கும் 'ஆட்டோபார்ட்' பயன்படுத்துவோருக்கு ரெக்பார்ட் தேவையில்லை, சேர்த்து எழுதவும் கூடாது.

'ஜீரோஎம்பிஆர்' வரியை மட்டும் நீக்கிவிடாதீர்கள். பார்ட்டிஷன் டேபிள் கெட்டுப்போன பழைய டிஸ்க் ஒன்று வந்தால், அது இல்லாமல் நிறுவல் மறுபடி நிற்கும்.