சிஸ்டர் வாங்குற சம்பளம் யாருக்கு?

மஞ்சக்குப்பத்தான்:
அரசு உதவி பெறும் பள்ளியில வேலை பார்க்குற கத்தோலிக்க சிஸ்டர் (கன்னியாஸ்திரி), சாமியார் (பாதிரியார்) சம்பளத்துக்கும் டிடிஎஸ், அதாவது சம்பளத்துலயே வருமான வரி, பிடிக்கணும்னு 2019ல சென்னை உயர் நீதிமன்றம் சொல்லிச்சு. 2024 நவம்பர்ல உச்ச நீதிமன்றமும் அதையே உறுதி பண்ணிடுச்சு. "சொந்தமா எதுவும் வச்சுக்க மாட்டோம்னு ஏழ்மை வார்த்தைப்பாடு எடுத்தவங்க, சம்பளம் அவங்க துறவற சபைக்குத்தான் போகுது"ங்கறது சபைகளோட வாதம். வரிய விடுங்க. முப்பது வருஷம் டீச்சரா இருந்த பொம்பளைக்குச் செருப்பு அறுந்தா, புதுசு வாங்க மடத்துத் தலைவி மதர் கிட்ட போய் நிக்கணுமா? இதுக்குப் பேரு துறவறமா?

போர்டிங்_பொண்ணு_புதுவை:
ஆமா, நிக்கணும். தெரிஞ்சேதான் போறாங்க. எங்க சித்தி சிஸ்டர், ஹெட்மிஸ்ட்ரஸ். அவங்க மடத்துல சம்பளம் வாங்குறது ரெண்டு பேர்தான். சமையல்கட்டைப் பார்க்குறவங்க, போர்டிங் பார்க்குறவங்க, பக்கவாதம் வந்து படுத்திருக்கிற பெரிய சிஸ்டர், இவங்க யாருக்கும் சம்பளம் கிடையாது. ஆனா எல்லாருக்கும் ஒரே பந்தி, ஒரே குழம்பு. பெரிய சிஸ்டருக்கு ராத்திரி டயப்பர் மாத்துறது இந்த ஹெட்மிஸ்ட்ரஸ் சித்திதான், முறை போட்டு. உங்க வீட்டுல நடக்குமா?

வைத்திக்குப்பம்_சேகர்:
கூட்டுக்குடும்பம்னு சொல்ல வர்றீங்க. சரி, அந்தக் காலத்துக் கூட்டுக்குடும்பத்துல சாவிக்கொத்து யாரு இடுப்புல இருந்துச்சு?

போர்டிங்_பொண்ணு_புதுவை:
மாமியார் சாகுற வரைக்கும் மாமியார்தான். மடத்துல மதர் பதவிக்குக் காலக்கெடு உண்டு. முடிஞ்சா அவங்களும் பஸ் காசுக்குக் கணக்கு எழுதணும்.

பழைய_அல்தார்பையன்:
ரெண்டு பேரும் சட்டத்தைப் பார்க்கல. திருச்சபைச் சட்டம் 668: துறவி உழைச்சுச் சம்பாதிக்கிறது சபைக்கே சேரும். அதே சட்டம், நித்திய வார்த்தைப்பாட்டுக்கு (சாகுற வரைக்கும் துறவிதான்னு கொடுக்கிற வாக்கு) முன்னாடி உயில் எழுதச் சொல்லுது. குடும்பச் சொத்து இருந்தா அதோட நிர்வாகத்தை யாருகிட்ட விடுறதுன்னு அவங்களே முடிவு பண்ணலாம். ஆக, எல்லாத்தையும் பிடுங்கிக்கிறாங்கங்கறது சும்மா பேச்சு. இடிக்கிறது திருச்சபைச் சட்டம் 702லதான். சபையை விட்டுப் போறவங்க, செஞ்ச வேலைக்கு எதையும் உரிமையாக் கேட்க முடியாது. சபை நியாயத்தோடவும் அன்போடவும் நடந்துக்கணும்னு மட்டும் இருக்கு.

மஞ்சக்குப்பத்தான்:
அதைத்தான் நானும் சொல்றேன்! ஐம்பது வயசுல வெளிய வர்றவ எங்க போவா? அண்ணன் வீட்டுத் திண்ணைக்கா?

போர்டிங்_பொண்ணு_புதுவை:
வெளிய வர்றவங்களை வச்சு உள்ள இருக்கிறவங்களை எடை போடாதீங்க. பிரெஞ்சுத் துறவற சபையான குளூனி சிஸ்டர்ஸ் 1827ல பாண்டிக்கு வந்தாங்க. 1844ல துப்புய் சாமியார் இங்கேயே மாசற்ற இருதய சபையைத் தொடங்கினார், நம்ம ஊர்ப் பொண்ணுங்களைப் படிக்க வைக்க. வீட்டுல பொம்பளைப் பிள்ளைக்குச் சிலேட்டு வாங்கித் தராத காலம் அது. தனித்தனிப் பர்ஸ் வச்சுக்கிட்டிருந்தா அத்தனை பள்ளிக்கூடம் எழுந்திருக்குமா?

வைத்திக்குப்பம்_சேகர்:
பள்ளிக்கூடம் எழுந்தது உண்மை, எங்க அம்மாவே சிஸ்டருங்ககிட்ட படிச்சவங்கதான். அதனால கைச்செலவுக்கு மாசம் ஒரு தொகை கொடுக்கக்கூடாதுன்னு ஆயிடுமா?

போர்டிங்_பொண்ணு_புதுவை:
சித்திக்குக் கொடுக்கிறாங்க. சின்னத் தொகைதான். அதுலயும் மிச்சம் பிடிச்சு எனக்கு வளையல் வாங்கித் தருவாங்க, மதருக்குத் தெரியாம :)

மஞ்சக்குப்பத்தான்:
பார்த்தீங்களா, "மதருக்குத் தெரியாம"!

பழைய_அல்தார்பையன்:
வளையலை விடுங்கப்பா. வெளிய வந்தா என்ன தருவாங்கங்கறதை ஒவ்வொரு சபையும் எழுத்துல வைக்கட்டும். முதல் வார்த்தைப்பாட்டுக்கு முன்னாடியே அந்தப் பொண்ணுக்கும் பெத்தவங்களுக்கும் அதைப் படிச்சுக் காட்டட்டும். ஆயருக்கு இப்படி ஒரு மனு எழுதுனா யாரெல்லாம் கையெழுத்துப் போடுறீங்க?

போர்டிங்_பொண்ணு_புதுவை:
அதுக்கு நான் போடுறேன். சம்பளத்தைத் தனித்தனியாப் பிரிக்கணும்னு ஒரு வரி இருந்தாலும் போட மாட்டேன்.