புதுப்பிப்பு: மிலானிலிருந்து வரென்னா செல்லும் வழி

இத்தாலியின் கோமோ ஏரிக்கரையிலுள்ள வரென்னா ஊருக்குக் கோமோ நகரம் போய்ப் படகேறுவதா, நேராக ரயிலில் செல்வதா என்று கேட்டிருந்தேன். பதிலளித்த அனைவருக்கும் நன்றி. மிலானோ சென்ட்ராலே நிலையத்தில் தீரானோ செல்லும் ரயிலில் ஏறி, இடப்பக்க இருக்கையைப் பிடிக்குமாறு ஒருவர் கூறிய யோசனையே பலித்தது. ஏறத்தாழ ஒரு மணி நேரப் பயணம். லெக்கோவைக் கடந்ததும் சுரங்கப்பாதைகளுக்கு நடுவே ஏரி தலைகாட்டித் தலைகாட்டி மறைகிறது. நிலையத்தின் பெயர்ப்பலகையில் வரென்னா-எசினோ-பெர்லேதோ என்றிருப்பதைக் கண்டு தயங்காமல் இறங்கிவிடலாம். எதிர்பாராதது ஊருக்குள் உள்ள சந்துகள்தான்: கல் பதித்த செங்குத்தான படிகள் என்பதால், சக்கரம் வைத்த பெட்டியானாலும் தூக்கிக்கொண்டுதான் ஏற வேண்டும். படகுத்துறையிலிருந்து ஊர்மையத்துக்கு, நீருக்கு மேலாகவே செல்லும் சிவப்புக் கம்பி வேலியிட்ட நடைபாதைக்காகவே மறுபடியும் போகலாம். எதிரே உள்ள பெல்லாஜியோவுக்குப் படகில் கால் மணி நேரம்தான்.