உப்புக்காத்துல ஹார்ட் டிஸ்க்: சாதாரணமா, என்டர்பிரைஸா? உங்க அனுபவம் சொல்லுங்க

தங்கச்சிமடம்:
நம்ம வீட்டு மாடியில நின்னா கடல் தெரியும். போன ஆடியில கம்ப்யூட்டர்ல 2 டிபி டிஸ்க் திடீர்னு காணாமப் போச்சு. ஆன் பண்ணினதும் வர்ற பயாஸ் செட்டிங் திரையிலயே பேரு வரல. உள்ள பிள்ளைக பிறந்ததுலேருந்து எடுத்த படம், அம்மா இருந்தப்ப எடுத்த கடைசிப் பொங்கல் படம். வேற காப்பி கிடையாது, என் தப்புதான்.

கடையில காட்டினேன். "அண்ணே, இதெல்லாம் வீட்டு டிஸ்க்கு, இப்படித்தான் போகும். சர்வர்ல போடுற என்டர்பிரைஸ் வாங்குங்க, சாகவே சாகாது"ன்னு தம்பி அடிச்சுச் சொன்னார். விலை கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு. யோசிச்சுச் சொல்றேன்னு வந்துட்டேன்.

தங்கச்சி மாப்பிள்ளைக்கு இந்த வேலையில கொஞ்சம் கை உண்டு. டிஸ்க்கைக் கவுத்துப் போட்டு, நட்சத்திர ஸ்க்ரூவைக் கழட்டி, அடியில இருக்கிற பச்சை போர்டை மட்டும் தூக்கினார். (மேல் மூடியைத் தொடவே கூடாது.) போர்டோட உள்பக்கம் வரிசையா சின்னச் சின்னப் பொட்டு இருக்கு, அதுவழியாத்தான் உள்ள இருக்கிற, டிஸ்க்கைப் படிச்சு எழுதுற ஹெட்டுக்குச் சிக்னல் போகுமாம். அத்தனையும் கருத்து, ரெண்டுல பாசி பிடிச்சாப்ல இருந்துச்சு. பையனோட ரப்பரை வாங்கி மெதுவாத் தேய்ச்சார். நாலாவது தேய்ப்புல வெள்ளி மாதிரி மின்னுச்சு. திரும்ப மாட்டினதும் சுத்திருச்சு. விடிய விடிய உட்காந்து அத்தனையும் காப்பி பண்ணினேன்.

கச்சான் காத்து நேரா அடிக்கிற ஜன்னலுக்குக் கீழதான் கேபினட் இருந்துச்சு. ஃபேன் பூரா உப்பை உள்ள இழுத்திருக்கு. என் கேள்வி இதான்: என்டர்பிரைஸ் வாங்கியிருந்தா தப்பிச்சிருக்குமா?

கீழக்கரை:
எங்க காக்கா (அண்ணன்) துபாய்லேருந்து வரும்போது 8 டிபி என்டர்பிரைஸ் டிஸ்க் ஒண்ணு கொண்டு வந்தாங்க. மாட்டினா சுத்தவே இல்ல. செத்த டிஸ்க்கைத் தலையில கட்டிட்டானுவன்னு ரெண்டு நாள் திட்டினோம். அப்புறம்தான் தெரிஞ்சது: சில என்டர்பிரைஸ் டிஸ்க்குல கரண்டு குடுக்கிற சாட்டா பவர் கனெக்டரோட மூணாவது பின்னுல 3.3 வோல்ட் வந்தா, அணைஞ்சே இருன்னு அர்த்தம். நம்ம பழைய பவர் சப்ளை அந்தப் பின்னுக்குக் கரண்டு அனுப்பிக்கிட்டே இருந்திருக்கு. பின்னு மேல மெல்லிசா டேப் ஒட்டினதும் ஓடுச்சு.

ஓடின பெறகு வேற தொல்லை. ராத்திரி கறக் கறக்குன்னு சத்தம். பரண்ல எலின்னு உம்மா பொறி வாங்கி வச்சுட்டாங்க. சீரியல் நம்பரைப் போட்டுப் பார்த்தா, கம்ப்யூட்டர் கம்பெனிக்கு மொத்தமா வித்த சரக்காம், நமக்கு நேரடி வாரண்டி இல்ல. அஞ்சு வருஷ வாரண்டின்னு நம்பித்தான் காசு குடுத்தது.

ராமநாதபுரம்:
சர்வர், சிசிடிவி வேலையில இருக்கேன். தங்கச்சிமடம் அண்ணனுக்குப் பதில்: தப்பிச்சிருக்காது. பெரிய என்டர்பிரைஸ் டிஸ்க்குல ஹீலியம் வாயு அடைச்சு, வெளிக்காத்து போய் வர்ற மூச்சு ஓட்டை இல்லாம சீல் பண்ணியிருப்பாங்க, சரி. ஆனா போர்டு வெளியிலதானே இருக்கு? உப்பு கடிக்கிறது அதைத்தான்.

கூடுதல் காசு எதுக்குன்னா உழைப்புக்கு. சாதாரண டிஸ்க்குக்கு வருஷத்துக்கு 55 டிபி எழுதிப் படிக்கலாம்னு கணக்கு, என்டர்பிரைஸுக்கு 550. வீட்ல படம் சேர்த்து வைக்கிறவருக்கு அந்த 55-ஏ தீராது. இன்னொரு விஷயம் கடையில யாரும் சொல்ல மாட்டாங்க. ஒரு இடம் படிக்க வரலன்னா என்டர்பிரைஸ் டிஸ்க் ஏழெட்டு செகண்டுல கைவிட்டுடும், பல டிஸ்க்கைச் சேர்த்து ஓட்டுற ரெய்டுல பக்கத்து டிஸ்க் அதைக் குடுத்துக்கும்னு கணக்கு. சாதாரண டிஸ்க் விடாம முட்டி முட்டிப் பார்க்கும். ஒத்தை டிஸ்க் வச்சிருக்கிற வீட்டுக்கு அந்தப் பிடிவாதம்தான் நல்லது.

நெட்டு வழியா பேக்கப் எடுத்து வைக்கிற பேக்பிளேஸ் கம்பெனி 2013-ல தன் டிஸ்க்குகளைக் கணக்கெடுத்தது. வருஷத்துல பழுதானது சாதாரணத்துல 4.2 சதம், என்டர்பிரைஸ்ல 4.6. அவங்ககிட்ட என்டர்பிரைஸ் டிஸ்க் கொஞ்சம்தான் இருந்துச்சு, அதனால இதையே வேதவாக்கா எடுக்க வேணாம். சாகவே சாகாதுங்கிற பேச்சுக்கு இது போதும்.

நாலஞ்சு டிஸ்க் போட்டு நாள் பூரா ஓட்டுறவங்க என்டர்பிரைஸே வாங்குங்க, நானும் அதைத்தான் போடுறேன். சாதாரணம் வாங்கினா எஸ்எம்ஆரா (தடத்து மேல தடம் ஏத்தி நெருக்கி எழுதுறது) சிஎம்ஆரா (தடம் தனித்தனியா எழுதுறது)ன்னு கேட்டு வாங்குங்க. எஸ்எம்ஆர்ல பெரிய ஃபைலா எழுதிக்கிட்டே இருந்தா வேகம் படுத்துரும். வாரண்டி புது டிஸ்க்தான் தரும், அம்மா படத்தைத் தராது அண்ணே.

தங்கச்சிமடம்:
அப்ப நான் செஞ்சது சரிதான். அந்த ஒரு என்டர்பிரைஸ் விலைக்கு சாதாரண 4 டிபி சிஎம்ஆர் ரெண்டு வாங்கிட்டேன். ஒண்ணு கம்ப்யூட்டர்ல, இன்னொண்ணு பரமக்குடியில அக்கா வீட்டு பீரோவுல. பொங்கலுக்கும் தீபாவளிக்கும் போறப்ப எடுத்துட்டு வந்து புதுசை ஏத்துறது. கேபினட்டை உள் ரூமுக்கு மாத்தியாச்சு. மிச்சக் காசுக்கு யுபிஎஸ்ஸுக்குப் புது பேட்டரி. நம்ம பக்கம் காத்தடிச்சா கரண்டு எத்தனை தடவை போய்ட்டு வரும்னு சொல்ல வேணாம்.

கீழக்கரை பாய், அந்த டேப் கறுப்பு இன்சுலேஷன் டேப்தானே? மச்சான் ஒருத்தருக்கும் அதே கதை.

கீழக்கரை:
அது வேணாம்ங்க, சூட்டுல பசை இளகி ஸ்லாட்டுக்குள்ள ஒட்டிக்கும். நாங்க ஒட்டினது கேப்டான் டேப், ஆரஞ்சுக் கலர்ல கண்ணாடி மாதிரி மெல்லிசா இருக்கும். செல்போன் ரிப்பேர் கடையில கேளுங்க, ஒரு விரக்கடை கிழிச்சுத் தருவாங்க. காசு கூட வாங்க மாட்டாங்க.