ஸ்காலர் (ஆய்வு மாணவர்) வைவா எனும் வாய்மொழித் தேர்வை முடித்துப் போனால் சோதனை முறையும் கூடவே போய்விடுகிறது. எப்படித் தடுப்பது?

வெண்ணாறு:
தஞ்சைப் பக்கம் ஒரு பல்கலைக்கழகத்தில் மண்வளம், நெல் மகசூல் சார்ந்த ஆய்வுக்குழு எங்களுடையது. நான் இணைப் பேராசிரியர்; 5 ஸ்காலர்கள், 2 ப்ராஜெக்ட் ஃபெல்லோக்கள். ஒருவர் சினாப்சிஸ் (ஆய்வேட்டுச் சுருக்கம்) கொடுத்துவிட்டுக் கிளம்பினால், அடுத்தவருக்கு அதே மண்ணில் ஓல்சன் பாஸ்பரஸ் (ஓல்சன் முறையில் அளக்கும், பயிருக்குக் கிடைக்கும் பாஸ்பரஸ்) அளவு வேறாக வருகிறது. முறையை எழுதி வையுங்கள் என்றால் "பேப்பர்லயே இருக்கு சார்" என்கிறார்கள். சனிக்கிழமைக் கூட்டத்தில் ஆளுக்கொரு பிபிடி போடுகிறார்கள், யாரும் வாய் திறப்பதில்லை. மிரட்டாமல் எப்படிப் பகிர வைப்பது?

குடமுருட்டி:
சார், முதலில் ஆத்தர் வரிசையைப் பேசி முடியுங்கள். பலரும் கெட்ட எண்ணத்தில் மறைப்பதில்லை. அந்த முறைதான் ஸ்காலர் கையில் இருக்கும் ஒரே பிடி. சொல்லிக் கொடுத்தபின் அடுத்த பேப்பரில் தன் பெயர் வருமா என்பது அவருக்குத் தெரியாது. வேலை தொடங்கும்போதே திட்டமிடுவது யார், சாம்பிள் எடுப்பது யார், அலசுவது யார், முதல் வரைவு யாருடையது என்று ஒரே பக்கத்தில் எழுதி எல்லோரும் கையெழுத்திடுங்கள். பேப்பரில் யார் என்ன வேலை செய்தார் என்று குறிக்கும், 14 பங்குகள் கொண்ட 'கிரெடிட்' பட்டியலைப் பல இதழ்கள் கேட்கின்றன, அதையே வைத்துக்கொள்ளலாம். ஒவ்வொரு பருவத் தொடக்கத்திலும் அந்தப் பக்கத்தைத் திருத்துங்கள். வேலையே செய்யாத மூத்தவர் பெயரை மரியாதைக்காகச் சேர்க்கும் வழக்கம் இருந்தால் மட்டும் இந்தக் காகிதத்தை யாரும் நம்ப மாட்டார்கள்.

அரசலாறு:
"பேப்பர்ல இருக்கு" என்பது பாதி உண்மைதான். 5 கிராம் மண், 100 மி.லி. 0.5 மோலார் சோடியம் பைகார்பனேட், பி.எச். 8.5, 30 நிமிடம் குலுக்கல். பேப்பரில் இவ்வளவுதான் இருக்கும். ஓல்சன் சுமார் 25 டிகிரிக்கான முறை. வெப்பம் ஏறினால் பாஸ்பரஸ் கூடுதலாகக் கரைந்து வரும். ஏசி ஓடாத மே மாத அறையும் மார்கழி அறையும் ஒரே எண் தராது. கரைசல் பாட்டிலைத் திறந்து வைத்தால் பி.எச். மெல்ல ஏறும். நிறம் நீக்கப் போடும் கரியிலேயே பாஸ்பரஸ் இருந்தால் ரீடிங் கெடும், அதனால் பிளாங்க் (மண் போடாமல் அதே முறையில் ஓட்டுவது) அவசியம். உங்கள் வித்தியாசத்துக்கு முதலில் இந்த மூன்றையும் பாருங்கள்.

கைமாற்றும்போது, போகிறவர் கையைக் கட்டிக்கொண்டு உட்காரட்டும். புதியவர் எழுதி வைத்த தாளை மட்டும் பார்த்துச் செய்யட்டும். எங்கே தடுமாறிக் கேட்கிறாரோ அங்கேதான் ஒரு வரி விட்டுப்போயிருக்கிறது, அப்போதே சேர்த்துவிடுங்கள். கேள்வியே வராத வரை திரும்பச் செய்ய வேண்டும். சினாப்சிஸுக்கு முன்பே முடித்துவிடுங்கள். அதன்பிறகு அவர் கவனமெல்லாம் வேலை தேடுவதில்தான்.

கூடவே, நிழலில் உலர்த்தி 2 மி.மீ. சல்லடையில் சலித்த மண் 5 கிலோவை லேபின் பொது மண்ணாக வைத்து, ஒவ்வொரு தொகுதியிலும் இரண்டு தடவை ஓட்டுங்கள். வழக்கமான எண்ணிலிருந்து 10 சதவீதத்துக்கு மேல் விலகினால் அந்தத் தொகுதியை ஏற்கக் கூடாது.

வெட்டாறு:
களத்திலிருந்து வரும் டேட்டா இதைவிட மோசம். விவசாயி "மாவுக்கு 10 மூட்டை" என்கிறார், எக்செலில் 10 என்று ஏறுகிறது. மூன்று மா ஓர் ஏக்கர், ஆக 30 மூட்டை. மூட்டை 60 கிலோ என்றால் ஏக்கருக்கு 1800 கிலோ. கொள்முதல் நிலையத்தின் 40 கிலோ சாக்கு என்றால் 1200. எதை அவர் சொன்னார் என்பது சர்வே எடுத்தவர் தலையில் மட்டும் இருக்கும். ஒவ்வொரு ஃபைலிலும் முதல் ஷீட்டில் நிரலின் பெயர், அலகு, எடை போட்டபோது ஈரப்பதம், குறுவையா சம்பாவா தாளடியா என்பதெல்லாம் இருக்கட்டும். ஊர்ப் பெயரோடு அரசின் ஊராட்சிக் குறியீட்டு எண்ணையும் போடுங்கள். இல்லாவிட்டால் ஆங்கில எழுத்துக்கூட்டல் மாறி ஒரே ஊர் மூன்று ஊராகிவிடும்.

டேட்டா ஸ்காலரின் சொந்த மெயில் டிரைவில் இருக்கவே கூடாது. பல்கலைக்கழக மெயிலும் அவர் போனபின் மூடப்படலாம். லேப் பெயரில் ஒரு கணக்கு, ஒரு ஹார்டுடிஸ்க், வேறு கட்டடத்தில் இன்னொரு நகல்.

வெண்ணாறு:
நன்றி. அந்தச் சனிக்கிழமை அமைதிக்கு?

குடமுருட்டி:
பிபிடியை நிறுத்துங்கள். லேப் நோட்டைத் திறந்து வைத்து "இந்த வாரம் எது சரியா வரல?" என்று கேளுங்கள். புதிதாகச் சேர்ந்தவர் முதலில் பேசட்டும், நீங்கள் கடைசியில் பேசுங்கள். கைடு முதலில் கருத்துச் சொல்லிவிட்டால் அதை மறுத்துப் பேச நம்மூரில் யாருக்கும் நா வராது. தப்பான ரீடிங்கைக் காட்டியவரை ஒருமுறை திட்டினால் போதும், அடுத்த தடவை அழகான எண் மட்டும்தான் வரும். உங்கள் பேப்பருக்கு ரிவ்யூவர் எழுதிய காட்டமான குறிப்பை முதல் வாரம் நீங்களே வாசித்துக் காட்டலாம்.

வெண்ணாறு:
பொது மண் ஒன்றே எல்லாவற்றுக்கும் போதுமா?

அரசலாறு:
வண்டல் களிமண்ணுக்குப் போதும். வல்லம் பக்கத்துச் செம்மண் வந்தால் முதலில் பி.எச். பாருங்கள். அமிலமாக இருந்தால் ஓல்சன் வேண்டாம், பிரே முறைதான். அதற்குத் தனியாக ஒரு பொது மண்ணும் தனித் தாளும் வையுங்கள்.