மே மாதம் ஐஸ்லாந்துக் குதிரைப் பண்ணையில் தங்குவது பற்றி

கேள்வி:
மே கடைசியில் வடக்கு ஐஸ்லாந்தில், ஒரு குடும்பம் நடத்தும் குதிரைப் பண்ணை விடுதியில் 5 நாள் தங்கப் போகிறோம். சவாரி கற்கும் மகள் தன் ஹெல்மெட்டையும் தோல் கையுறையையும் எடுத்து வரலாமா? குட்டிகளைப் பார்க்க முடியுமா?

பதில் 1:
பயன்படுத்திய சவாரிச் சாமான் எதையும் தயவுசெய்து கொண்டுபோகாதீர்கள். வெளிநாட்டு நோய்களுக்கு அங்குள்ள குதிரைகளிடம் எதிர்ப்புச் சக்தி குறைவு. நாட்டைவிட்டு வெளியே போன குதிரைகூடத் திரும்ப வர முடியாது. ஹெல்மெட்டைப் பண்ணையிலேயே கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

சென்ற வசந்தத்தில் அப்படியொரு பண்ணையில் வேலை செய்தேன். 11 மாதம் சுமந்த பெட்டைக் குதிரைகள் பெரும்பாலும் ஆள் அரவமில்லாத இரவில்தான் ஈனும். அங்கே மே இரவு முழுதாக இருட்டுவதில்லை. வீட்டம்மா சமையலறை ஜன்னலிலிருந்தே பார்த்துக்கொண்டிருப்பார். ஈரம் காயாத குட்டி நான்கு முறை விழுந்து ஐந்தாம் முறை நின்றதை நானும் அந்த ஜன்னலில்தான் பார்த்தேன். அருகில் போகாதீர்கள், தாய்க்குப் பிடிக்காது.

பதில் 2:
மகளுக்குச் சீப்பு வேலை கிடைக்கும்! குளிர்கால ரோமம் கைப்பிடி கைப்பிடியாக உதிரும் காலம் அது.

கேட்டவர்:
நன்றி. கையுறையைப் பெட்டியிலிருந்து எடுத்துவிட்டேன். குதிரைகளுக்குப் புல் பறித்துக் கொடுக்கலாமா?

பதில் 1:
கேட்காமல் வேண்டாம். வசந்தகாலப் புல்லில் சர்க்கரை அதிகம். அதனால் குளம்பு அழன்று நடக்கவே முடியாமல் போன ஒரு குதிரையைப் பார்த்திருக்கிறேன்.