"அவங்க இருக்காங்களா?": புற்றுநோய்ப் பதிவகத்தின் தொலைபேசி நமக்கு எதற்கு?

முருங்கைமரம் (இழையைத் தொடங்கியவர்)

அம்மாவுக்கு மார்பகப் புற்று. ஆபரேஷன், கீமோ, ரேடியேஷன் எல்லாம் முடிந்து மூன்று வருஷம் ஆகிறது. போன செவ்வாய் மதியம் ரசம் வைத்துக்கொண்டிருக்கும்போது அம்மாவின் போனுக்கு ஓர் அழைப்பு. அம்மா பெயரைச் சொல்லி, "அவங்க இருக்காங்களா?" என்று ஓர் ஆண் குரல்.

"நான்தான் பேசறேன்."

எதிர்முனையில் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம், "இல்லம்மா, உயிரோட இருக்கீங்களான்னு..." என்று இழுத்துவிட்டு, "சரிம்மா, நன்றி" என்று வைத்துவிட்டார்.

"நான் இன்னும் இருக்கேனான்னு பார்க்கறாங்கடா" என்று அம்மா சிரித்தாள். அன்று ராத்திரி தூங்கவில்லை. விசாரித்ததில் அது ஒரு புற்றுநோய்ப் பதிவகத்தின் வேலையாம். எங்கள் நம்பரை யார் கொடுத்தார்கள், யாரிடம் அனுமதி கேட்டார்கள்? இருக்கிறோமா செத்தோமா என்று கணக்கு எடுப்பதால் யாருக்கு என்ன லாபம்? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பழைய_ஃபைல்

தம்பி, முதலில் அம்மாவிடம் என் சார்பில் மன்னிப்புக் கேட்டுவிடுங்கள். ஒரு பதிவகத்தில் 22 வருஷம் சமூகப் பணியாளராக இருந்து ஓய்வு பெற்றவள் நான். அந்த ஆள் கேட்டது தப்பு. கேட்ட விதமும் தப்பு, வாய்க்கு வந்தபடி கேட்டிருக்கிறார். ஆனால் அந்த வேலை தப்பில்லை.

பதிவகம் என்றால் பலர் ஆஸ்பத்திரி ரிஜிஸ்டர் என்று நினைக்கிறார்கள். ஆஸ்பத்திரி தன்னிடம் வந்தவர்களை மட்டும் எண்ணும். மக்கள்தொகைப் பதிவகம் ஓர் ஊரை, ஒரு மாவட்டத்தை எல்லையாக வைத்துக்கொண்டு, அங்கே குடியிருக்கும் ஒவ்வொருவருக்கும் வந்த புற்றை எண்ணும், வைத்தியம் எங்கே பார்த்தாலும் சரி. மும்பையில் 1963இல் ஆரம்பித்தது. ஐசிஎம்ஆர் (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம்) திட்டத்தில் சென்னை, பெங்களூர் எல்லாம் 1982இலிருந்து. சென்னைப் பதிவகம் இருப்பது அடையாறு புற்றுநோய் நிலையத்தில்.

நாட்டின் பெரும்பகுதியில் ஆஸ்பத்திரி தானாக அனுப்பாது, நாங்கள்தான் போக வேண்டும். மெடிக்கல் ரெக்கார்ட்ஸ் அறையில் ஃபேன்கூட இருக்காது. கேஸ் ஷீட்டைப் பிரித்து எழுத வேண்டும், பயாப்சி லேபுக்குப் போக வேண்டும், மாநகராட்சியில் இறப்புப் பதிவேட்டைப் புரட்ட வேண்டும். ஒரே பெண் ஓர் இடத்தில் "செல்லம்மாள்", இன்னோர் இடத்தில் "செல்லம்மா", லேபில் "எஸ். அம்மாள்", வயது 48, 50, 55. மூன்று பேரா ஒருத்தியா? முகவரி "மாரியம்மன் கோயில் பின்புறம்". அந்தத் தெருவுக்குப் போய் டீக்கடையில் கேட்டுத்தான் முடிவு செய்வோம். அம்மாவின் நம்பர் கேஸ் ஷீட்டிலிருந்து வந்திருக்கும்.

சராசரி_ஆசாமி

உங்கள் உழைப்பைக் குறை சொல்லவில்லை அக்கா. அதை வைத்துக் கடைசியில் செய்கிற "ஐந்தாண்டு உயிர்வாழ்வு" கணக்கில்தான், அதாவது நோய் தெரிந்து ஐந்து வருஷம் கழித்தும் நூற்றுக்கு எத்தனை பேர் உயிரோடு இருக்கிறார்கள் என்பதில்தான், எனக்கு நம்பிக்கை இல்லை.

மார்பகப் புற்றுக்கு 2010-14 காலத்தில் அமெரிக்காவில் 90 விழுக்காடு, இந்தியாவில் 66 என்று 71 நாடுகளை ஒப்பிட்ட ஆய்வு ஒன்று 2018இல் வந்தது. உடனே "பாருங்கள் நம் மருத்துவத்தின் லட்சணத்தை" என்று வாட்ஸ்அப்பில் பரப்பினார்கள். "இந்தியா" என்று போட்டிருந்தாலும் உள்ளே இருந்தது விரல்விட்டு எண்ணக்கூடிய பதிவகங்கள்.

அதைவிடப் பெரிய ஓட்டை வேறு. அக்கா, தங்கை இருவரும் 60 வயதில் ஒரே நோயில் இறக்கிறார்கள் என்று வையுங்கள். அக்காவுக்கு 57இல் கட்டி கைக்குத் தட்டுப்பட்டது, தங்கைக்கு 54இலேயே ஸ்கேனில் தெரிந்துவிட்டது. ஐந்தாண்டுக் கணக்கில் அக்கா தோல்வி, தங்கை வெற்றி. தங்கை ஒரு நாள்கூட அதிகம் வாழவில்லை. நோயாளி என்ற பெயரோடு மூன்று வருஷம் அதிகம் இருந்தாள், அவ்வளவுதான்.

தென் கொரியாவைப் பாருங்கள். 1999இல் அங்கே தேசியப் புற்றுநோய்ப் பரிசோதனைத் திட்டம் வந்தது. பட்டியலில் இல்லாத தைராய்டு ஸ்கேனைக் கொஞ்சம் பணம் வாங்கிக்கொண்டு கூடவே எடுத்தார்கள். 2011இல் தைராய்டுப் புற்று 1993இல் இருந்ததைப்போல 15 மடங்கு. அந்த ஒரு வருஷத்தில் மட்டும் 40,000 பேருக்கு மேல். இறப்பு விகிதம் இருந்த இடத்திலேயே இருந்தது. தொந்தரவே செய்யாத கட்டிகளைத் தேடிப்பிடித்து அறுத்தார்கள், உயிர்வாழ்வு விழுக்காடு ஜம்மென்று ஏறியது. ஆகவே உயிர்வாழ்வை விடுங்கள், இறப்பு விகிதத்தைப் பாருங்கள்.

பழைய_ஃபைல்

கொரியாவின் குட்டு வெளிப்பட்டதே அவர்களிடம் பதிவகம் இருந்ததால்தான். 15 மடங்கு என்று எண்ணியது யார்?

இறப்பு விகிதம் பாருங்கள் என்று கொரியாவில் சொல்லலாம். இங்கே 2020இல் பதிவான மரணங்களில் டாக்டர் காரணம் எழுதிச் சான்று கொடுத்தது 22.5 விழுக்காட்டுக்குத்தான். அதிலும் பாதி நேரம் "இதயம் நின்றது" என்று இருக்கும். யாருக்குத்தான் நிற்காது? கர்ப்பப்பைவாய்ப் புற்றில் இறந்த பெண்ணின் தாளில் அப்படித்தான் எழுதியிருந்தது, என் கண்ணால் பார்த்தேன். பதிவாகாமல் கிராமத்தில் நடக்கும் மரணங்கள் தனி.

நார்வேயில் ஒவ்வொருவருக்கும் ஓர் எண் உண்டு. இறந்தால் பதிவாகும், பதிவில் இல்லை என்றால் உயிரோடு இருக்கிறார். இங்கே பதிவில் இல்லை என்றால் பதிவில் இல்லை, அதற்கு மேல் அர்த்தம் கிடையாது. வைத்தியத்தைப் பாதியில் விட்டுச் சொந்த ஊர் போய் இறந்தவர்களையும் உயிரோடு இருப்பதாக எண்ணினால் விழுக்காடு ஏறும். சென்னைத் தரவை வைத்தே இதைக் கணக்குப் போட்டுக் காட்டியிருக்கிறார்கள்: வீடு தேடிப் போகாவிட்டால் உயிர்வாழ்வு இருப்பதைவிட நன்றாகத் தெரியும். அம்மாவுக்கு வந்த அந்த நாராசமான போன் இதற்குத்தான், தம்பி.

பைட்_பாண்டி

2026இல் போனா? ஆதாரோடு கேஸ் ஷீட்டை இணைத்தால் ஒரே ராத்திரியில் முடிந்துவிடும். டீக்கடை விசாரணை எல்லாம் எதற்கு?

கேள்விக்குறி

பாண்டி சொன்னதைப் படித்துத்தான் உள்ளே வந்தேன். எச்ஐவி, மனநோய் வரை எல்லாம் ஒரே எண்ணில் கோத்துவிட்டு, கசிந்தால் யார் பொறுப்பு? புற்று வந்த வீடு என்று தெரிந்தால் பெண் கொடுக்கத் தயங்கும் ஊர்கள் இன்னும் இருக்கின்றன. நீங்கள் டீக்கடையில் விசாரித்ததையே நான் ஏற்கவில்லை, பழைய_ஃபைல் அக்கா. அந்தத் தெருவுக்கே தெரிந்துபோயிருக்காதா?

2023 தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில் ஆராய்ச்சிக்கும் புள்ளிவிவரத்துக்கும் விலக்கு இருக்கிறது. அதாவது கேட்காமலே எடுக்கலாம். சட்டப்படி சரி. மரியாதை?

பழைய_ஃபைல்

டீக்கடையில் நோயின் பெயரைச் சொல்லமாட்டோம். "இன்ஷூரன்ஸ் விஷயமா வந்தோம்" என்போம். அது பொய்தான், ஒப்புக்கொள்கிறேன்.

அனுமதி விஷயத்தில் ஒன்று சொல்கிறேன். எஸ்தோனியாவில் 2001 முதல் 2007 வரை, தரவுப் பாதுகாப்பைக் காட்டி, பதிவகத்தை மரணச் சான்றுகளோடு ஒப்பிட விடவில்லை. விடுபட்ட நோயாளிகளைப் பிடிக்க வழியில்லாமல் எண்ணிக்கையே குறைந்து தெரிந்தது. பத்தில் மூன்று பேர் மறுத்தாலே போதும், மிச்சம் இருப்பது அந்த ஊரின் படம் இல்லை.

பயன் என்ன என்று தம்பி கேட்டார். திண்டுக்கல் மாவட்டம். 2000இல் தொடங்கி, 30 முதல் 59 வயதுப் பெண்களுக்கு நர்சுகளே கர்ப்பப்பை வாயில் வினிகர் போன்ற அசிட்டிக் அமிலத்தைத் தடவிப் பார்த்தார்கள். வெளுத்தால் சந்தேகம், உடனே சிகிச்சை. ஒரே ஒரு முறைதான். 2007இல் லான்செட் மருத்துவ இதழில் முடிவு வந்தது: புதிய நோய் 25 விழுக்காடு குறைவு, அந்நோயால் இறப்பு 35 விழுக்காடு குறைவு. யாருக்குப் புற்று வந்தது, யார் இறந்தார் என்று எண்ண அம்பிளிக்கைப் பக்கம் ஒரு பதிவகம் இல்லாமல் இருந்திருந்தால், வினிகர் வேலை செய்தது எப்படித் தெரியும்?

கேள்விக்குறி

அந்த ஆய்வின் மறுபக்கத்தையும் சொல்லுங்கள் அக்கா. ஒப்பீட்டுக்காக 30,958 பெண்களுக்கு அந்தச் சோதனையைச் செய்யவில்லை. வழக்கமான வைத்தியம் மட்டும். அவர்களில் இறந்தவர்களையும் இதே பதிவகம்தான் எண்ணிக்கொண்டிருந்தது. அது அறமா என்று மருத்துவ இதழ்களிலேயே பின்னால் சண்டை நடந்தது. "எண்ணினால் நல்லது" என்று நீங்கள் சொல்லும்போதெல்லாம் எனக்கு அந்தப் பெண்கள்தான் ஞாபகம் வருகிறார்கள்.

சராசரி_ஆசாமி

இதில் நான் அக்கா பக்கம் கொஞ்சம் நகர்கிறேன். திண்டுக்கல் ஆய்வில் ஐந்தாண்டு விழுக்காட்டை மட்டும் காட்டியிருந்தால் நம்பியிருக்கமாட்டேன். இறப்பை எண்ணினார்கள், அதனால் நம்புகிறேன்.

ஆனால் எண்ணுவது எல்லா இடத்திலும் ஒரே தரம் இல்லை. 2012-16 கணக்கில் புதிதாகப் புற்று வந்தவர்களின் விகிதம் (ஊருக்கு ஊர் வயது வித்தியாசம் குறுக்கிடாதபடி சீர்செய்தது) மிசோரத்தின் ஐசால் ஆண்களிடம் லட்சத்துக்கு 269.4, மகாராஷ்டிரத்தின் உஸ்மானாபாத்-பீடில் 39.5. ஏறக்குறைய ஏழு மடங்கு. ஐசாலில் புகையிலை, வயிற்றுப் புற்று, உணவுக்குழாய்ப் புற்று உண்மையிலேயே அதிகம், சரி. உஸ்மானாபாத்தில் நோயே குறைவா, கண்டுபிடிக்கும் டாக்டர் குறைவா? எண் மட்டும் அதைச் சொல்லாது. நாட்டின் பத்தில் ஒரு பங்கு மக்கள்தான் இந்தப் பதிவகங்களுக்குள் வந்தார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

பழைய_ஃபைல்

சொல்லியே ஆக வேண்டும். அதனால்தான் 2012இல் தமிழ்நாடு முழுவதுக்கும் பதிவு தொடங்கினார்கள்.

கேள்விக்குறிக்கு: ஆய்வுக்கு ஆள் பிரிப்பது வேறு, பதிவகம் எண்ணுவது வேறு. ஆனால் அந்தப் பெண்கள் ஞாபகம் வருவது நியாயம். எனக்கும் வரும்.

முருங்கைமரம்

எல்லாவற்றையும் அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். எஸ்தோனியா வந்ததும், "அது எந்தப் பக்கம்?" என்றாள். நம்பர் இருப்பதில் அவளுக்குக் கோபம் இல்லையாம். "முதல்ல நல்லா இருக்கீங்களான்னு கேட்கட்டும். அதுலயே பதில் கிடைச்சிருமே" என்கிறாள்.

எனக்கு இன்னும் கோபம்தான். அக்கா, சேரும்போது கையெழுத்து வாங்குகிற தாளில் "பதிவகத்திலிருந்து பின்னால் விசாரிப்பார்கள்" என்று ஒரு வரி போட முடியாதா?

பழைய_ஃபைல்

போடலாம். நான் இருந்தவரை போடவில்லை. இரண்டு முறை கேட்டோம், "தாளில் இடமில்லை" என்றார்கள்.

முருங்கைமரம்

அடுத்த மாதம் அம்மாவுக்கு மேமோகிராம். போகும்போது அந்தத் தாளை ஒரு போட்டோ எடுத்து இங்கே போடுகிறேன். இடம் இருக்கிறதா இல்லையா என்று எல்லாரும் பார்த்துச் சொல்லுங்கள்.