'கேரழி' என்று படித்த பையன்

ஆசிரியர்களான நமக்கு வேலைப்பளு அதிகம் என்று இந்தக் குழுவில் எல்லோரும் எழுதியிருக்கிறீர்கள், நோட்டுத் திருத்துவதில் என் அனுபவத்தையும் சொல்கிறேன். ஈராசிரியர் தொடக்கப் பள்ளி, 1, 2, 3 மூன்று வகுப்பும் என்னிடம், மொத்தம் 27 பிள்ளைகள். தினமும் சாயங்காலம் ஒரு கட்டைப்பை நிறைய நோட்டுகளைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறி, ராத்திரி சாப்பிட்டுவிட்டு பத்து மணி வரை சிவப்புப் பேனாவும் கையுமாக உட்கார்ந்திருப்பேன். பல வருஷம் இப்படித்தான்.

2022 ஜூனில் சின்ன வகுப்புகளுக்கு வாசிப்பும் கணக்கும் கற்றுத்தரும் தமிழக அரசின் 'எண்ணும் எழுத்தும்' திட்டம் வந்தபோது, பிள்ளைகளை அவர்கள் கற்ற நிலைக்கு ஏற்ப அரும்பு, மொட்டு, மலர் என்று பிரிப்பதற்காக ஒவ்வொரு பிள்ளையையும் தனியாகப் படிக்க வைத்தேன். மூன்றாம் வகுப்பில் ஒருவனுக்குக் கையெழுத்து முத்து முத்தாக இருக்கும், நோட்டு முழுக்க நான் போட்ட 'மிக நன்று'. பாடத்தை மடமடவென்று சொன்னான், ஆனால் விரல் ஒரு வரியில், வாய் வேறு வரியில். சந்தேகம் வந்து படத்தைக் கையால் மறைத்து, கோழி என்ற சொல்லை மட்டும் காட்டினேன். 'கேரழி' என்றான். தொட்டியைக் காட்டினால் 'தெரட்டி'. துணைக்காலை ர என்றே படிக்கிறான். 2020இல் ஒன்றாம் வகுப்பு சேர்ந்த பிள்ளை, கொரோனாவால் பள்ளி மூடியிருந்ததால் வகுப்பறைக்குள் வந்ததே 2021 நவம்பரில், அதற்கப்புறமும் ஏழு மாசமாக அவன் நோட்டைத் திருத்தியவள் நான்தானே! கரும்பலகையைப் பார்த்து எழுதியதற்கெல்லாம் ரைட் போட்டிருக்கிறேன். அன்றைக்கு ராத்திரி தூக்கம் வரவில்லை.

மறுநாளிலிருந்து கட்டைப்பை வீட்டுக்கு வருவதில்லை. பார்த்து எழுதும் நோட்டுக்கு ஒரு கையெழுத்து, அவ்வளவுதான். சொல்வதை எழுதுதலைப் பிள்ளைகளே பலகையைப் பார்த்துத் திருத்திக்கொள்கிறார்கள். அதில் மிச்சமான நேரத்தில் தினமும் ஒன்பது பேரைப் பக்கத்தில் உட்கார வைத்து, ஆளுக்கு இரண்டு நிமிஷம் படிக்கக் கேட்கிறேன், மூன்று நாளில் ஒரு சுற்று முடிந்துவிடும். எங்கே தடுக்கியது என்பது மட்டும் ஒரு நாற்பது பக்க நோட்டில். 'து. கால் = ர' என்று ஒரு வரி, தேதியோடு. அந்தப் பையன் மூன்று வாரத்தில் சரியாகிவிட்டான்.

எமிஸ் பதிவு (மாணவர் விவரங்களை அரசின் இணையதளத்தில் ஏற்றுவது), தேர்தல் வேலை இதெல்லாம் நம் கையில் இல்லை. 2009 கல்வி உரிமைச் சட்டத்தின் 27ஆம் பிரிவே தேர்தல், மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, பேரிடர் நிவாரணம் மூன்றுக்கும் நம்மை அனுப்பலாம் என்கிறது. ஆனால் நோட்டுக் கட்டை என் தலையில் ஏற்றிக்கொண்டது நானேதான்.

*

டீச்சர், நான் பத்தாம் வகுப்புக் கணக்கு எடுக்கிறேன், இரண்டு பிரிவும் சேர்த்து 78 பேர். மணி அடிக்க ஐந்து நிமிஷம் இருக்கும்போது துண்டுத்தாளில் ஒரே ஒரு கணக்கு, இருபடிக் கோவையைக் காரணிப்படுத்துவது மாதிரி. வாங்கியதும் மூன்று குவியல்: சரியாகப் போட்டது, நடு உறுப்பைப் பிரிக்கும்போது கூட்டல் கழித்தல் குறியில் தவறியது, ஆரம்பிக்கவே தெரியாதது. மார்க் போடுவதில்லை, பத்து நிமிஷத்தில் முடிந்துவிடும். மறுநாள் மூன்றாவது குவியல் பிள்ளைகளோடுதான் வகுப்பு ஆரம்பிக்கும். முன்பெல்லாம் அந்தப் பிள்ளைகள் பக்கத்து நோட்டைப் பார்த்து எழுதி என் ரைட்டையும் வாங்கிக்கொண்டு போனார்கள்.

*

சார், குவியல் போடுவது நல்ல வழி. திங்கட்கிழமை சொல்வதை எழுதுதலில் செய்து பார்க்கிறேன்.